'பாட்டில் ஷாக்': ஒயின் செய்த ஆளைக் காணாத ஒயின் படம்

கேள்வி – மார்ச் 2, 2025

ஒயின் தயாரிப்பைப் பற்றி இதைவிட நல்ல படம் வந்ததில்லை என்பேன். உண்மைக் கதை, நல்ல நடிப்பு, அழகான இடம், கடைசியில் கண் கலங்கிவிடும். யாருமே ஏன் இதைப் பற்றிப் பேசுவதில்லை?

மார்ச் 2, இரவு

பேசும் அளவுக்கு நன்றாகவும் இல்லை, திட்டும் அளவுக்கு மோசமாகவும் இல்லை. அதனால்தான்.

பார்க்காதவர்களுக்கு: 2008-இல் வந்த படம், ராண்டல் மில்லர் இயக்கம். 1976 மே 24 அன்று பாரிசில் நடந்த சுவைப் பரிசோதனையில், பெயர் மறைத்து ஊற்றிய கலிபோர்னியா ஒயின்கள் பிரெஞ்சு ஒயின்களை முந்தின. அந்தக் கதையைக் கலிபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கில் இருக்கும் ஷாட்டோ மொன்டலீனா என்ற ஒயின் கூடத்தின் பக்கம் நின்று சொல்கிறது. பில் புல்மன் அப்பா, கிறிஸ் பைன் பிள்ளை, போட்டியை நடத்தும் ஆங்கிலேய ஒயின் கடைக்காரர் ஸ்டீவன் ஸ்பரியராக ஆலன் ரிக்மன்.

ரிக்மன் வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் போனதும் கை தானாகக் கைப்பேசிக்குப் போனது. பத்துக்கு ஐந்தரை. கண்ணெல்லாம் கலங்கவில்லை.

மார்ச் 3

"ஐந்தரை என்றால் தோல்வியா, தேர்ச்சியா?" தேர்ச்சிதான். நகலெடுத்துப் பெற்ற தேர்ச்சி.

மார்ச் 3, மாலை

சரி, கொஞ்சம் ஒழுங்காகவே சொல்கிறேன். என் பெரிய குறை ஒன்றுதான். அன்றைக்கு வெள்ளை ஒயின்களில் முதலிடம் பிடித்தது மொன்டலீனாவின் 1973 சார்டனே (அந்தப் பெயருள்ள திராட்சையில் செய்யும் வெள்ளை ஒயின்). அதைச் செய்தவர் மைக் கெர்கிச். குரோவேஷியாவின் தெஸ்னே என்ற சிற்றூரில் 1923-இல் பிறந்தவர். ஜாக்ரெபில் படித்து, 1954-இல் நாட்டை விட்டுக் கிளம்பி, ஜெர்மனி, கனடா என்று சுற்றி, 1958-இல் நாப்பாவுக்கு வந்து சேர்ந்தார். ஆந்த்ரே செலிஷெஃப், ராபர்ட் மொண்டாவி போன்ற நாப்பாவின் பெரிய ஒயின்காரர்களிடம் வேலை பார்த்துவிட்டு 1972-இல் மொன்டலீனாவுக்கு வந்தவர்.

படத்தில் இவர் இல்லை. பின்னணியில் பெரே தொப்பி போட்ட ஓர் உருவம் போகிறது, வருகிறது. தெரிந்தவர்கள் அது அவர்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். பெயர் கிடையாது, வசனம் கிடையாது.

ஒயின் தயாரிப்பைப் பற்றிய படம் என்கிறீர்கள். அந்த ஒயினைத் தயாரித்தவர் அதில் வேண்டாமா? முதலாளி ஜிம் பாரெட் ஆடுகளம் போட்டு மகனோடு குத்துச்சண்டை போடுகிறார். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் பழச்சாற்றை எப்போது பிழிவது, எந்தக் குளிர்ச்சியில் நொதிக்க விடுவது, எப்போது பீப்பாய்க்கு மாற்றுவது என்று யார் முடிவெடுத்தார்கள்? திரைக்கதை கேட்கவே இல்லை. ஒயின் தானாக உருவாகிவிட்டது போலவும், மனிதர்கள் செய்ததெல்லாம் கோபப்பட்டதும் காதலித்ததும்தான் போலவும் தோன்றுகிறது.

மார்ச் 4

"இது ஆவணப்படம் இல்லையே" என்று எழுதியிருப்பவருக்கு: தெரியும். உண்மையை மாற்றினார்கள் என்பது என் புகார் இல்லை. மாற்றிப் போட்டது உண்மையை விடச் சப்பென்று இருக்கிறது, அதுதான் புகார்.

ஒன்று மட்டும் பாருங்கள். இந்தப் பரிசோதனை யாருடைய யோசனை? பாரிசில் ஸ்டீவன் ஸ்பரியரோடு வேலை பார்த்த பட்ரீஷியா காலகர் என்ற அமெரிக்கப் பெண்ணுடையது. அமெரிக்க விடுதலையின் 200-ஆவது ஆண்டை ஒட்டிக் கலிபோர்னியா ஒயின்களைப் பாரிசில் அறிமுகப்படுத்தலாம் என்று சொன்னது அவர். ஸ்பரியருக்கு முன்பே கலிபோர்னியா போய்ச் சுற்றிப் பார்த்து வந்ததும் அவர்தான். படம் அவரை அப்படியே எடுத்துவிட்டது. அந்த இடத்தில் ஸ்பரியரின் கடையில் உட்கார்ந்து ஓசியில் குடிக்கும் ஓர் அமெரிக்கர், டெனிஸ் ஃபரீனா. யோசனை அவர் வாயிலிருந்து வருகிறது.

இன்னொரு பக்கம் சாம் என்றொரு பயிற்சி மாணவியைக் கற்பனையாகச் சேர்த்திருக்கிறார்கள். அவளுக்கு என்ன வேலை? இரண்டு இளைஞர்களுக்கு நடுவில் நிற்பது. சாலையில் வண்டியை நிறுத்தச் சட்டையைத் தூக்கிக் காட்டுவது. இருந்த பெண்ணை நீக்கிவிட்டு இல்லாத பெண்ணைச் சேர்த்து, அவளுக்கும் ஒரு வேலை கொடுக்கவில்லை என்றால் என்ன சொல்வது?

மார்ச் 4, இரவு

ஃபரீனா நன்றாகத்தான் நடித்திருக்கிறார். அதை மறுக்கவில்லை. அவரும் ரிக்மனும் கடைக்குள் பேசிக்கொள்ளும் இடங்களை மட்டும் தொகுத்தால் நல்ல குறும்படம் ஒன்று தேறும்.

மார்ச் 6

"உனக்கு ஒயின் தயாரிப்பு பற்றி என்ன தெரியும்" என்று ஒருவர். நியாயமான கேள்வி. கூடத்து எடுபிடி அளவுக்குத் தெரியும். சொனோமா பக்கம் ஒரு சிறிய ஒயின் கூடத்தில் ஓர் அறுவடைக் காலம் முழுக்க வேலை செய்திருக்கிறேன். எடுபிடி என்றால் நிஜமாகவே எடுபிடி. குழாயை எடு, குழாயைப் பிடி.

அங்கே போவதற்கு முன் என் மனதிலும் இந்தப் படத்தில் வருவது போன்ற காட்சிதான் இருந்தது: மாலை வெயில், கொடிவரிசை, கையில் கோப்பை. நடந்தது வேறு. சார்டனே அறுவடை இரவில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு. பழம் குளிர்ச்சியாக இருக்கும்போதே பிழிந்துவிட வேண்டும், சூடேறினால் சாறு கெடும் என்பதால் அப்படி. விடிவதற்குள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். அதிலிருந்து இலை, குச்சி, நத்தை, சில சமயம் அறுவடைக் கத்தி எல்லாம் பொறுக்க வேண்டும். பழக்குலையின் சர்க்கரைப் பிசின் முழங்கை வரை ஏறி, காய்ந்து, மடக்கும்போது தோலைப் பிடித்து இழுக்கும்.

அப்புறம் கழுவுதல். பிழியும் இயந்திரத்தைக் கழுவு, குழாயைக் கழுவு, குழாய் இணைப்பின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவு, தொட்டியைக் கழுவு, தரையைக் கழுவு, கழுவிய தூரிகையைக் கழுவு. ஒரு வளையத்துக்குள் பழத்தோல் துணுக்கு மாட்டியிருந்தால் போதும், அங்கே எது வேண்டுமானாலும் வளரும். அந்தக் கூடத்தின் தலைமை ஒயின்காரர் மூக்கால்தான் வேலை செய்வார். காலையில் வந்ததும் ஒவ்வொரு தொட்டியின் வாயிலும் குனிந்து முகர்வார். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஈஸ்ட்டுக்குத் தீனி போதவில்லை, நைட்ரஜன் குறைவு என்று பொருள். உடனே ஊட்டச்சத்து கலக்க வேண்டும். நானும் அப்படியே குனிந்து ஆழமாக ஓர் இழுப்பு இழுத்தேன். நொதிக்கும் தொட்டியின் மேல் கரியமில வாயு கம்பளி போலப் படிந்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. மூக்கிலிருந்து மண்டை வரை ஊசி குத்தியது. பக்கத்தில் நின்றவர் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். மூடிய கூடத்தில் அந்த வாயு ஆளையே கொல்லும்.

அறுவடை முடிந்ததும் ஓய்வு என்று பார்த்தால் அதுவும் கிடையாது. மரம் ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக வெளியே விடும், பீப்பாய்க்குள் மேலே வெற்றிடம் விழும், அங்கே காற்று புகுந்தால் காடியாகும். அதனால் பீப்பாய் பீப்பாயாகப் போய் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இதை எப்படிப் படமாக எடுப்பது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் ரிக்மன் மாதிரி ஒருவர் தொட்டியின் வாயில் குனிந்து முகர்ந்து முகத்தைச் சுளிப்பதை மட்டும் இரண்டு நிமிடம் காட்டியிருந்தால் ஆறரை போட்டிருப்பேன்.

மார்ச் 6, பின்குறிப்பு

வேலை முடிந்து எல்லோரும் உட்கார்ந்து குடித்தது பீர். ஒயினைத் தொடக்கூட யாருக்கும் மனம் வராது.

மார்ச் 8

வெள்ளை ஒயின் பழுப்பாக மாறிப்போகும் அந்தக் காட்சியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். படத்தின் திருப்பமே அதுதான். புட்டியில் அடைத்த சார்டனே நிறம் மாறிக் கிடக்கிறது, ஜிம் எல்லாம் போச்சு என்று அத்தனையையும் கொட்டச் சொல்லி அனுப்புகிறார். பிறகு டேவிஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், இது தற்காலிகம், ஆக்ஸிஜனே படாமல் அவ்வளவு கவனமாகச் செய்ததன் விளைவு என்கிறார்.

கேட்கக் கட்டுக்கதை போல இருக்கும், ஆனால் அடிப்படை வேதியியல் தவறில்லை. பழச்சாற்றில் பீனால் வகைப் பொருள்கள் உண்டு. பிழிந்த கையோடு காற்று பட்டால் சாறு பழுப்பாகும், அந்தப் பொருள்களில் பெரும்பகுதி நொதிக்கும்போதே வண்டலாக இறங்கிவிடும், ஒயின் தெளிவாக வரும். முதல் நாளிலிருந்தே காற்றை அண்டவிடாமல் காப்பாற்றினால் அவை ஒயினுக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு புட்டியில் அடைக்கும்போது கொஞ்சம் காற்று கிடைத்தாலும் நிறம் காட்டும். சில வேளைகளில் தானாக மங்கியும் போகும். அந்த வகையில் பேராசிரியர் சொல்வது சரி. அதிகக் கவனமே ஒயினைக் கெட்டது போலக் காட்டிவிட்டது என்பது நல்ல நாடகம்.

அந்த அதிகக் கவனம் யாருடையது என்பதைச் சொல்லியிருந்தால் இன்னும் நல்ல நாடகம். திரும்பவும் அதே இடத்துக்கு வந்துவிட்டேன், மன்னிக்கவும்.

மார்ச் 8, இரவு

"பெரே தொப்பிக்காரருக்கு ரசிகர் மன்றம் வைத்திருக்கிறீர்களா?" இல்லை. வைத்தால் தலைவர் பதவி எனக்கு.

மார்ச் 11

மறுபடி பார்த்தேன், இந்த முறை கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு.

முதல் தடவை நான் கவனிக்காமல் விட்டது பணத்தைப் பற்றிய பதற்றம். ஜிம் வங்கியில் போய் இன்னும் கடன் கேட்கும் இடம். அதை அவசரமாகத்தான் கடந்து போகிறார்கள், ஆனால் பில் புல்மனின் தாடை இறுகியிருப்பதைப் பாருங்கள். ஒயின் தொழிலில் ஒரு ரகசியமும் இல்லை: போடும் பணம் வருடக்கணக்கில் பீப்பாயில் தூங்கும், வட்டி மட்டும் விழித்திருக்கும். கொடி நட்டு மூன்றாவது வருடம்தான் உருப்படியாகப் பழம் வரும். அதிலிருந்து ஒயின், பிறகு பீப்பாயில் பல மாதம், பிறகு புட்டியில். அதற்குள் ஆலங்கட்டி, உறைபனி, பூஞ்சை, வங்கிக்காரர். நான் வேலை செய்த இடத்தில் முதலாளி அம்மா இரவு கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். பீப்பாய் அடுக்கைக் காட்டி, "இதெல்லாம் என் ஒயின் இல்லை, வங்கியின் ஒயின்" என்பார். சிரிக்க மாட்டார்.

நிஜ ஜிம் பாரெட்டும் வழக்கறிஞர்தான். தெற்குக் கலிபோர்னியாவில் தொழில் பார்த்துவிட்டு, 1972-இல் கூட்டாளிகளோடு சேர்ந்து அந்தப் பழைய கல் கட்டடத்தை வாங்கி உயிர்கொடுத்தவர். புட்டிகள் பழுப்பாகிவிட்டன என்று நினைத்துப் பழைய வக்கீல் தொழிலுக்கே திரும்பப் போய் நிற்கும் அந்த அவமானத்தைப் புல்மன் நன்றாகச் செய்திருக்கிறார். ஆறு போடலாம். ஐந்தரையிலிருந்து ஆறு.

கிறிஸ் பைனின் முடிக்கு மட்டும் எத்தனை தடவை பார்த்தாலும் மதிப்பெண் ஏறாது.

மார்ச் 12

மொன்டலீனாவில் வேலை செய்யும் குஸ்தாவோ பாத்திரம் பற்றி ஒரு வரி. ஃப்ரெடி ரோட்ரிகஸ் நன்றாக நடிக்கிறார். மண்ணில் வளர்ந்தவனுக்குத்தான் ஒயின் கைவரும் என்ற தொனியில் பேசுகிறாரே, அது எனக்கு ஒட்டவில்லை. தோட்டத்தில் உழைத்த மெக்சிகோக் குடும்பங்களைப் பற்றி ஒரு படம் ஏதாவது சொல்ல நினைத்ததே நல்லது. ஆனால் குஸ்தாவோ பிரம்பிலா நிஜ மனிதர், 1973 ஒயின் உருவானபோது அவர் அங்கே இல்லை. 1976-இல்தான் வருகிறார். கெர்கிச்சின் இடத்தை நிரப்ப அவரை முன்னால் இழுத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்குமே நியாயம் செய்யவில்லை.

மார்ச் 14

போட்டி நடந்த இடம். படத்தில் திறந்த வெளி, வெயில், மரம், தூரத்தில் மாளிகை. நிஜத்தில் பாரிசின் இன்டர்கான்டினென்டல் விடுதியில் ஓர் அறை. ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள். ரொமானே-கோன்டி தோட்டத்தின் ஓபேர் த வில்லேன், கிராண்ட் வெஃபூர் உணவகத்தின் ரேமோன் ஒலிவியே, ஒயின் பத்திரிகை ஆசிரியர் ஓடெட் கான் எல்லாம் பெரிய தலைகள். ஸ்பரியரும் காலகரும் கூடவே சுவைத்தார்கள், அவர்கள் மதிப்பெண் கணக்கில் சேரவில்லை. செய்தியாளர்களை அழைத்தும் வந்தவர் ஒரே ஒருவர்: டைம் இதழின் ஜார்ஜ் டேபர். அவரும் வராமல் இருந்திருந்தால் இன்று இந்தப் பேச்சே இல்லை.

டேபர் கையில் ஊற்றும் வரிசைப் பட்டியல் இருந்தது. நடுவர்களிடம் இல்லை. யோசித்துப் பாருங்கள்: அறையில் ஒரு மூலையில் ஓர் ஆள் விடைத்தாளோடு நிற்கிறார், எதிரே பிரான்சின் மிகச் சிறந்த நாக்குகள். ஒலிவியே ஒரு வெள்ளை ஒயினைச் சுவைத்துவிட்டு, ஆஹா, பிரான்சுக்குத் திரும்பிவிட்டோம் என்கிறார். டேபர் தாளைப் பார்க்கிறார். அது நாப்பா சார்டனே. இதைவிட நல்ல நகைச்சுவைக் காட்சியை யார் எழுத முடியும்? படத்தின் நடுவர்கள் பொதுவாக மூக்கைச் சுளிக்கும் பிரெஞ்சுக்காரர்கள், அவ்வளவுதான்.

மார்ச் 14, கொஞ்ச நேரம் கழித்து

இன்னும் ஒன்று விட்டுப்போனது. வெள்ளை ஒயின்களின் முடிவைச் சிவப்பு தொடங்கும் முன்பே ஸ்பரியர் அறிவித்துவிட்டார். கலிபோர்னியா ஜெயித்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் நடுவர்கள் சிவப்புக்குப் போகிறார்கள். இந்த முறை விடக்கூடாது என்ற நினைப்போடு ஒவ்வொரு கோப்பையையும் எடுக்கிறார்கள். அப்படியும் நாப்பாவின் 1973 ஸ்டாக்ஸ் லீப் கேபர்னே என்ற சிவப்பு ஒயின் முதலிடம். எதிரே பிரான்சின் 1970 மூட்டோன் ரோத்ஷீல்டும் 1970 ஓ-பிரியோனும். எல்லாம் முடிந்ததும் ஓடெட் கான் தன் மதிப்பெண் தாளைத் திருப்பித் தரச் சொல்கிறார். ஸ்பரியர் தரவில்லை.

இவ்வளவும் கையில் இருந்தும் படம் வெள்ளையோடு நின்றுவிட்டது. சிவப்புக்குக் கடைசியில் எழுத்தில் ஒரு குறிப்பு.

மார்ச் 15

மதிப்பெண்களைக் கேட்டவருக்கு. ஆளுக்கு 20, ஒன்பது பேர், ஆக 180. மொன்டலீனா 132, அடுத்து வந்த பிரான்சின் மெர்சோ-ஷார்ம் 126.5. சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் 127.5, மூட்டோன் 126. அதாவது சிவப்பில் நடுவர் ஒருவருக்குச் சராசரியாக 0.17 மதிப்பெண் வித்தியாசம். ஒருவருக்கு அன்று காலை காப்பி சரியாக அமையாமல் போயிருந்தால் வரலாறு மாறியிருக்கும். ஆர்லி ஆஷன்ஃபெல்ட்டர், ரிச்சர்ட் குவான்ட் என்ற பொருளியலாளர்கள் இந்த மதிப்பெண்களை எடுத்துப் புள்ளியியல் முறையில் அலசியே கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம் ராபர்ட் ஹாட்ஜ்சன் 2008-இல் வெளியிட்ட ஆய்வு. கலிபோர்னியா மாநிலக் கண்காட்சி நடுவர்களுக்கு ஒரே ஒயினை மூன்று முறை, தெரியாமல் ஊற்றிப் பார்த்தார். ஏறக்குறைய பத்தில் ஒரு நடுவர்தான் மூன்று முறையும் ஒரே பதக்க வகுப்புக்குள் மதிப்பெண் போட்டார்.

இதனால் பாரிஸ் முடிவு பொய் என்று நான் சொல்லவில்லை. "கலிபோர்னியா பிரான்சைத் தோற்கடித்தது" என்று படம் தம்பட்டம் அடிப்பது கொஞ்சம் அதிகம். கலிபோர்னியா பிரான்சின் பக்கத்தில் சமமாக உட்கார்ந்தது, அதுவரை யாரும் அதற்கு நாற்காலி போடவில்லை. எனக்கு அதுவே போதுமான கதை.

மார்ச் 15, இரவு

என் ஐந்தரை ஆறானதும் இந்த ஆய்வும் பொருந்திப் போகிறது என்று கிண்டல் செய்திருக்கிறீர்கள். மூன்றாம் முறை பார்த்தால் நாலரை ஆகலாம். பார்க்க மாட்டேன்.

மார்ச் 18

திசை மாறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கெர்கிச் நாப்பாவுக்கு வந்ததும் ஜின்ஃபண்டல் என்ற திராட்சைக் கொடிகளைப் பார்த்து, இது எங்கள் ஊர்க் கொடி போலிருக்கிறதே என்று சந்தேகப்பட்டார். கலிபோர்னியாக்காரர்கள் தங்கள் சொந்தப் பழம் என்று கொண்டாடிக்கொண்டிருந்தது அது. பல ஆண்டு கழித்து, டேவிஸ் பல்கலைக்கழகத்தின் கேரல் மெரெடித் குரோவேஷிய ஆய்வாளர்களோடு சேர்ந்து டால்மேஷியக் கரையோரமெல்லாம் கொடி மாதிரிகளைச் சேகரித்தார். அதற்கு உதவியவர்களில் கெர்கிச்சும் ஒருவர். 2001-இல் மரபணு பொருந்தியது: ஜின்ஃபண்டலும், அங்கே ஒரு பழைய தோட்டத்தில் சில கொடிகளே மிஞ்சியிருந்த ட்சர்ல்யெனாக் கஷ்டெலான்ஸ்கியும் ஒன்றே.

பிறந்த ஊரை விட்டு வந்தவர், தனக்கு முன்பே அங்கிருந்து வந்துவிட்ட ஒரு கொடியை அடையாளம் காண்கிறார். எழுதித் தந்தாலும் திரைக்கதைக்காரர்கள் நம்ப மாட்டார்கள். 1977-இல் கெர்கிச் ஹில்ஸ் என்று சொந்தக் கூடம் தொடங்கினார், 2023 டிசம்பரில் நூறு வயதில் இறந்தார். படம் வந்தபோது உயிரோடு, நாப்பாவிலேயே இருந்தார்.

மார்ச் 19

ஸ்டாக்ஸ் லீப் ஒயினைச் செய்த வாரன் வினியார்ஸ்கி பற்றி ஒருவர் நினைவூட்டியிருக்கிறார், நன்றி. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் 1964-இல் குடும்பத்தோடு நாப்பாவுக்குக் கிளம்பி வந்து அடிமட்ட வேலையிலிருந்து கற்றார். ஜெயித்த ஒயினின் கொடிகளுக்கு அப்போது மூன்று வயதுதான். முடிவு வந்தபோது அவர் சிகாகோவில், இறந்துபோன அம்மாவின் வீட்டை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். மனைவி தொலைபேசியில் சொன்னதும், அப்படியா, நல்லது என்றாராம். போட்டியின் முக்கியத்துவமே அப்போது அவருக்குத் தெரியவில்லை. பேராசிரியர்த்தனமான இந்த அமைதியை வைத்து எழுபதுகளின் ராக் பாட்டு போட முடியாது, அதனால் விட்டிருப்பார்கள்.

மார்ச் 21

"அப்படியானால் நீங்கள் எடுத்தால் கடைசிக் காட்சி என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு யோசிக்கவே வேண்டாம், நடந்ததையே எடுப்பேன்.

படத்தில் மகன் போ பாரெட் பாரிசுக்கே போய் நின்று வெற்றியைப் பார்க்கிறான். நிஜத்தில் போட்டி அறையில் கலிபோர்னியா ஒயின்காரர் ஒருவர்கூட இல்லை. ஆனால் ஜிம் பாரெட் பிரான்சில் இருந்தார். ஆந்த்ரே செலிஷெஃப் தலைமையில் வந்த ஒயின் சுற்றுலாக் குழுவில் அவரும் ஒருவர். போட்டிக்கான இரண்டு டஜன் புட்டிகளும் விமானத்தில் இந்தக் குழுவின் சாமான்களோடுதான் வந்து சேர்ந்தன. படத்தில் விமான நிலையத்தில் பயணிகள் ஆளுக்கொரு புட்டி வாங்கிக்கொள்கிறார்களே, அந்த இடம் மட்டும் உண்மையின் நிழல்.

முடிவு தெரிந்தபோது குழு போர்தோ பக்கம் மார்கோவில், ஷாட்டோ லாஸ்கோம்பில் விருந்துச் சாப்பாட்டில் இருக்கிறது. பாரெட்டுக்குத் தொலைபேசி. மறுமுனையில் டேபர். நாட்டுப்புறத்துப் பையன்களுக்கு இது மோசமில்லை என்று பாரெட் சொன்னது டைம் இதழிலேயே வந்தது. பேசிவிட்டு மேசைக்குத் திரும்புகிறார். எதிரே உபசரிக்கும் பிரெஞ்சுக்காரர்கள். செலிஷெஃப் காதில் மெல்லச் சொல்கிறார்கள், செய்தி ஒவ்வொருவராக நகர்கிறது. யாரும் மூச்சு விடவில்லை. விருந்து கொடுக்கிறவர் வீட்டில் எப்படிக் கத்துவது? நன்றி சொல்லி, கைகுலுக்கி, பேருந்தில் ஏறி, கதவை மூடி, வண்டி நகர்ந்த பிறகுதான் கூச்சல்.

சாப்பாட்டு மேசையில் முகத்தை நேராக வைத்துக்கொண்டு கரண்டியைப் பிடித்திருக்கும் பில் புல்மனை நினைத்துப் பாருங்கள். அதற்கு எட்டு போடுவேன்.

மார்ச் 22

ஸ்பரியர் இந்தப் படத்தைப் பற்றி என்ன நினைத்தார் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பிடிக்கவில்லை. திரைக்கதையில் உண்மையான வார்த்தை ஒன்றுகூட இல்லாத குறை என்ற அளவுக்குச் சொன்னார், வழக்குப் போடுவேன் என்றும் பேச்சு அடிபட்டது. டேபர் 2005-இல் எழுதிய புத்தகத்தை வைத்துத் தனியாக ஒரு படத் திட்டம் இருந்தது, ஸ்பரியர் அந்தப் பக்கம்.

1976-இல் அவருக்கு வயது 34. ரிக்மனுக்குப் படம் எடுத்தபோது அறுபதைத் தாண்டிவிட்டது. இளைஞர் ஒருவர், அலுத்துப்போன பெரியவராக மாறிவிட்டார். ஆனால் இதில் எனக்கு வருத்தமில்லை. ரிக்மன் சாலையோரத்தில் வண்டி பஞ்சராகி நிற்கும் விதம், வறுத்த கோழியை முதல் கடி கடித்துவிட்டு முகத்தில் ஒப்புக்கொள்ளும் விதம், வரிசையாக வரும் விவசாயிகளின் ஒயினைக் குடிக்கக் குடிக்க அவருடைய புருவம் ஒவ்வொரு மில்லிமீட்டராக இறங்கும் விதம். அத்தனை நேரமும் வசனம் மிகக் குறைவு. ஒயின் நன்றாக இருக்கிறது என்பதை அந்தப் புருவம்தான் நம்மை நம்ப வைக்கிறது.

மார்ச் 23

அவர் வரும் பகுதிகளை மட்டும் ஓட்டிப் பார்த்தால் போதுமா என்று கேட்டவருக்கு: போதும். கூடவே வங்கிக் காட்சியையும் பார்த்துவிடுங்கள். காதல் வரும் இடத்தில் எழுந்து போய் ஏதாவது கழுவலாம், ஒயின் தயாரிப்பைப் பற்றிப் படம் சொல்லாமல் விட்டதைக் கற்றுக்கொண்ட மாதிரியும் இருக்கும்.